வேற்றுக்கிரகத்து ஆறு

நான் இன்றைக்கு வந்தது கப்பலுக்குக் குரல் கொடுக்க. கடலில் போகிற கப்பல் இல்லை, விண்கலம், அதில் ஒரு கணினி இருக்கிறது, அது அவ்வப்போது பேசும், 'பிராணவாயு நாற்பது சதவீதம்', 'வெளிக்கதவு திறக்கிறது', 'குழுவில் ஒருவர் திரும்பவில்லை', அவ்வளவுதான், மூச்சு வாங்க வேண்டாம், விம்ம வேண்டாம், வாயசைவு பார்க்க வேண்டாம், கணினிக்கு ஏது வாய். மூன்று வருஷமாக எனக்கு இந்த மாதிரி வேலைதான். ரோபோவா, எச்சரிக்கை சொல்கிற பெட்டியா, செண்பகவல்லி மேடத்தைக் கூப்பிடு என்று டப்பிங் தியேட்டர்களில் பேச்சாகிவிட்டது, அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் நான் யார் யாருக்காகவோ அலறியிருக்கிறேன் என்பது புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பதினான்கு வரிகளும் பதினொரு மணிக்குள் முடிந்தன. பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது கோதண்டம் சார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், படத்தின் தமிழ் டப்பிங் முழுவதும் அவர் பொறுப்பு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரென்றால் ஏதோ கேட்கப்போகிறார் என்று அர்த்தம். "வல்லிம்மா, ஒரு உதவி. கதாநாயகிக்குப் பேசுற பொண்ணு மோனிஷாவுக்குத் தொண்டை கட்டிருச்சு. எல்லாம் முடிஞ்சது, ஒரே ஒரு லூப் பாக்கி. ஆத்தங்கரைக் கத்தல். கத்தல்ல யார் குரல்னு யாருக்கும் தெரியாது, நீங்க போட்டுட்டா சாயங்காலம் ட்ராக்க அனுப்பிடலாம்." நான் கத்துறதில்ல சார் என்றேன். "தெரியும்மா, அதான் கேக்கத் தயங்குனேன், பத்து நிமிஷம் யோசிங்க, நிஜாம் அதுக்குள்ள வேற வேல பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், நான் யோசிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை, ஆனால் செருப்பு மாட்டிக்கொள்ளாமல் வெளி வராந்தாவில் வந்து உட்கார்ந்தேன், ஏன் உட்கார்ந்தேன்.

மோனிஷா எதிர் நாற்காலியில் இருந்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு, கையில் வெந்நீர் பிளாஸ்க். என்னைப் பார்த்ததும் எழுந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது, புஸ்ஸென்று, சைக்கிள் ட்யூபில் வருகிற மாதிரி. பிறகு போனில் தட்டிக் காட்டினாள், 'சாரி அக்கா, நேத்து நாப்பது கத்தல்'. நாற்பது. எனக்கு அறுபத்தொன்று. எண்ணி வைத்திருக்கிறேன், மூன்று வருஷத்துக்கு முன்னால் பேசின ஒரு படம், அதில் ஒரு கிரகம் முழுக்க மழை பெய்யும், குடியேறின மனிதர்களை ஒரு பள்ளத்தாக்கே விழுங்கும், ஓடு, மேல ஏறு, தண்ணி நிறம் மாறுது, பிள்ளைய விடாத, இரண்டு நாளில் அறுபத்தொரு கத்தல், அதற்கும் கோதண்டம் சார்தான் பொறுப்பு. கடைசிக் கத்தலில் தொண்டைக்குள் ஏதோ பிய்ந்தது போலிருந்தது, நான் பெருமையாகத்தான் நினைத்தேன், வேலைக்கு உண்மையாக இருந்தேன் என்று. காது மூக்குத் தொண்டை டாக்டர் ஒரு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, முணுமுணுக்கக்கூட வேண்டாம் என்றார், என் வீட்டுக்காரர், இவர், பக்கத்து நாற்காலியிலிருந்து, "ஒரு வாரம் போதுமா டாக்டர், ஒரு மாசம் எழுதிக் குடுங்களேன்" என்றார், டாக்டர் சிரித்தார், நான் இவர் தொடையில் கிள்ளினேன். மோனிஷா இன்னும் போனை நீட்டிக்கொண்டே நிற்கிறாள். நாளைக்கு எங்கேயாவது போகிறாயா என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வி விசித்திரமாக இருந்திருக்கும், இருந்தாலும் தட்டினாள், 'ஊருக்கு, ஒகேனக்கல் பக்கம்'. "தண்ணிப் பக்கம் போகாத. யாரையும் போகவும் விடாத. குரல் வந்த பிறகு போங்க" என்றேன். சரி என்று தலையாட்டினாள், பெரியவர்கள் ஏதாவது சொன்னால் ஆட்டுகிற மாதிரி, இவள் போவாள், பாறைமேல் துண்டை விரித்து உட்காருவாள், தம்பியோ மாமாவோ நடு ஆற்றில் நிற்பான், இவள் வாயைத் திறப்பாள்.

இவருக்கு வேற்றுக்கிரகப் படமென்றால் உயிர். மின்வாரிய ஆபீசில் நாளெல்லாம் புகார் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குத் தனியாகப் போவார், நான் பேசின படமென்று மட்டுமில்லை, எந்தப் படமானாலும், அதில் காடு வேண்டும், அவ்வளவுதான், ஊதாநிற மரம், நடக்கிற கொடி, மேல்நோக்கிப் பாய்கிற அருவி. வந்து சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார், "இன்னைக்கு நீ ரெண்டு தடவை செத்த புள்ள, ரெண்டாவது சாவு நல்லா இருந்துச்சு" என்பார், "அவ்வளவு பெரிய காட்டுல ஒரு எறும்பு காட்டல பாத்தியா" என்பார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "இந்தப் படங்கள்ல எல்லாம் காட்டுக்கு நம்ம மேல ஒரு கோவம் இருக்கு. தோண்டுனான், வெட்டுனான், அதுக்காக மரம் அடிக்குது, ஆறு இழுக்குது. காட்டுக்கு வேற சோலி கெடையாதா? நாம இருக்கோமான்னே அதுக்குத் தெரியாது." நான் அப்போது, அப்படி வைத்தால் படம் ஓடுமா, எதிரி வேண்டாமா என்றேன், அவரும் அது சரிதான் என்று ரசத்துக்குத் தட்டை நகர்த்தினார், அன்றைக்குப் பருப்பு ரசம், கொத்தமல்லி தீர்ந்து போயிருந்தது, இதெல்லாம் எதற்கு ஞாபகம் இருக்கவேண்டும், இருக்கவேண்டியது அந்த நாலு நொடி, அதில் அவர் முகம், அது மட்டும் நினைக்கப் போனால் படச்சுருள் சிக்கின மாதிரி ஒரே இடத்தில் நின்று நின்று ஆடுகிறது.

தென்காசிப் பக்கம் அவருடைய அக்கா மகள் கல்யாணம். டாக்டர் சொன்ன ஒரு வாரத்தில் அது மூன்றாவது நாள். கல்யாண வீட்டில் நான் ஊமையாகத்தான் சுற்றினேன், எல்லாருக்கும் அது வேடிக்கையாக இருந்தது, சினிமாவில் பேசுகிறவளுக்கு வாயடைத்துப் போச்சு என்று, இவருடைய அக்கா பேச்சியம்மா மதினி என் கையில் ஒரு சிலேட்டுக்கூடக் கொடுத்தார்கள். மறுநாள் காலை வேனில் மலையடிவாரத்துக்குப் போனோம், ஒரு ஓடை, ஆறு என்று சொல்ல முடியாது, முழங்கால் தண்ணீர், கூழாங்கல் தெரிகிறது. வானம் பளிச்சென்று இருந்தது, மலைக்கு மேலே மட்டும் சாம்பலாக ஏதோ, அதை நான் பார்த்தேன், பார்த்தேன் என்பதைச் சொல்லவேண்டும். எல்லாரும் குளித்துவிட்டு வேனுக்கு ஏறிவிட்டார்கள், மேலே இட்லிப் பாத்திரத்தைத் திறந்தாகிவிட்டது, இவர் மட்டும் நடுப்பாறையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார், இன்னும் அஞ்சு நிமிஷம் என்று விரலைக் காட்டினார், நான் கரையில் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். முதலில் நிறம் மாறியது. தேத்தண்ணீர் மாதிரி ஒரு கீற்று, கண்ணாடித் தண்ணீரின் நடுவே, பிறகு காய்ந்த இலைகளும் சுள்ளியும் ஒரு கூட்டமாக, பிறகு மண்வாசம். எனக்குத் தெரியும். அன்றைக்கு அங்கே வந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும், மூன்று நாளைக்கு முன்னால்தான் ஒரு வெள்ளைக்காரி வாயில் நுழைந்து நானே சொல்லியிருக்கிறேன், தண்ணி நிறம் மாறுது, மேல ஏறு. வாயைத் திறந்தேன். காற்று. இன்னும் அகலமாகத் திறந்தேன். காற்று. கையைத் தட்டினேன், துண்டை வீசினேன், இவர் என்னைப் பார்த்தார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார், சிரித்தார், அவரும் கையைத் தட்டினார். அவரும் கையைத் தட்டினார். இரண்டு தட்டு, மூன்றாவதுக்குக் கை விரிந்திருந்தது, பின்னால் வளைவில் அது வந்துவிட்டது, சுவர் மாதிரியெல்லாம் இல்லை, படத்தில்தான் சுவர், இது ஒரு அழுக்குப் பாயை யாரோ உருட்டிவிட்ட மாதிரி, சத்தம் பிறகுதான் வந்தது, அதற்குள் பாறை இல்லை.

இரண்டாம் நாள் கிடைத்தார், மூன்று மைல் கீழே, ஒரு தடுப்பணையில். தூக்கிக்கொண்டு வருகிற வழியில் நான் அந்த ஓடையைப் பார்த்தேன், மறுபடி முழங்கால் தண்ணீர், மறுபடி கூழாங்கல், யாரோ ஒரு ஆள் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான், ஓடையின் மேல் ஒரு தழும்புகூட இல்லை. அதற்குக் கோபம் இருந்திருந்தால் கேட்கலாம், ஏன் எங்களிடம் என்று, நாங்கள் எதைத் தோண்டினோம் எதை வெட்டினோம் என்று. பதினாறாம் நாள் முடிந்து சாமான்களை ஏறக்கட்டும்போது பேச்சியம்மா மதினி என் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தபடியே, "ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே தாயி" என்றார்கள். எனக்குக் குரல் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும், சிலேட்டைக் கொடுத்ததே அவர்கள்தான், தெரிந்தும் வாயில் வந்துவிட்டது, உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள், அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுக்கவேண்டியதில்லை, அது ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அதற்கு எதிராக என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது, கோதண்டம் சார் துக்கம் கேட்க வந்தபோது சொன்னது, "நான் சத்தத்துலயே முப்பது வருஷமா கெடக்கிறவன்மா. காட்டாத்துச் சத்தத்துல மனுசக் குரல் எடுபடாது. நீங்க கூப்பிட்டிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது." தொண்டை போனது யாருடைய படத்தால் என்று அவரிடம் நான் சொல்லவில்லை, அவராகச் சேர்த்துப் பார்க்கவுமில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறவர்கள் ஆயிரம் பேர், சார் தொழில் தெரிந்தவர், தெரிந்து சொன்னார், அந்த ஒரு வாக்கியத்தை மாத்திரை மாதிரி வைத்துக்கொண்டு மூன்று வருஷம் தூங்கியிருக்கிறேன், கேட்டிருக்காது, கேட்டிருக்காது, சில நாள் வேலை செய்யும், சில நாள் மதினி வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

"என்னம்மா முடிவு" என்று கோதண்டம் சார் வந்து நின்றார். மணி பதினொன்றரை ஆகிவிட்டது, பத்து நிமிஷம் என்றவர் அரைமணி விட்டிருக்கிறார். நான் பையை மடிக்கு இழுத்துக்கொண்டதைப் பார்த்து, "பரவாயில்லம்மா, சங்கடப்படாதீங்க" என்று மோனிஷாவின் பக்கம் திரும்பினார், "நீயே இன்னொரு மடக்கு வெந்நித்தண்ணி குடிச்சிட்டு ஒரு இழு இழுத்துப் பாரு கண்ணு. ஒரே தடவ. வந்தா வரட்டும்." அவள் உடனே பிளாஸ்க்கைத் திறந்தாள். அந்தப் பிள்ளை மறுக்கவில்லை, யாரும் மறுப்பதில்லை, நானும் மறுத்ததில்லை, நல்லபடியாகச் செய்துவிடவேண்டும் என்பதுதான் தோன்றும். நான் எழுந்துவிட்டேன். அவள் கையிலிருந்து மூடியை வாங்கி பிளாஸ்க்கை மூடினேன். "நான் பண்றேன் சார். இவளை வீட்டுக்கு அனுப்புங்க" என்றேன். குரல் கொஞ்சம் உரக்க வந்திருக்கவேண்டும், இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

உள்ளே இருட்டு, ஏசி, மைக், எதிரே திரை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிஜாம், சவுண்ட் என்ஜினியர், நல்ல பையன், ஹெட்போன் சரியா இருக்கா மேடம் என்று கேட்டுவிட்டு லூப்பை, அந்தத் துண்டுக் காட்சியை, ஓடவிட்டான். ஒரு பச்சைக் கிரகம். கருநீலத் தண்டுகளோடு காடு, தானாக மூச்சு விடுகிறது, நடுவே ஒரு ஆறு, அந்த ஆற்றுக்கு நினைவு உண்டாம், தன்னிடமிருந்து எடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளுமாம், கோதண்டம் சார் பின்னாலிருந்து மைக்கில் விளக்கினார், "பழிவாங்குற ஆறும்மா, அந்த வேகம் வேணும்." ஐசக் என்கிற ஆள் நடுவில் முதுகு காட்டி நின்று கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறான். கரையில் அவன் மனைவி, டாக்டர் லெனா, ஏதோ தெரிந்து நிமிர்கிறாள், வாயைத் திறக்கிறாள். நான் அவள் வாயை மட்டும் பார்த்தேன். தாளில் 'ஐசக், ஓடு' என்று இருந்தது, அவள் வாய் கடைசியில் 'ஆ' என்று திறந்தே நிற்கிறது, 'ஓடு' என்றால் குவிந்து மூடிவிடும். "சார், ஓடு ஒட்டாது. 'ஐசக், வா'ன்னு வச்சுக்கலாமா?" "வா கரெக்டும்மா. வாவே போடுங்க." வா. நான் இவரை ஒருநாளும் வா என்று கூப்பிட்டதில்லை. பெயரைச் சொன்னதில்லை, தளவாய் என்கிற அந்த நல்ல பெயரை ரேஷன் கடையில் கேட்டால் சொல்லியிருக்கிறேன், அவரைப் பார்த்துச் சொன்னதில்லை. குரல் இருந்திருந்தால் அன்றைக்கு என்னவென்று கத்தியிருப்பேன்? ஏங்க என்றா, வாங்க என்றா, அந்த ங்க குரலை வெட்டிவிடும், தண்ணீரைத் தாண்டாது, எத்தனை முறை படுத்துக்கொண்டு வாயை அசைத்துப் பார்த்திருக்கிறேன், எந்த வார்த்தை தாண்டும் என்று. சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் வாய் திறந்தது, நான் திறந்தேன். ஐசக் என்கிற பெயர் எங்கே போனது என்று தெரியவில்லை, வா மட்டும்தான் வந்தது, அது தொண்டையிலிருந்து வரவில்லை, எங்கே கிடந்ததோ, மூன்று வருஷம் அழுகிப்போகாமல் எப்படிக் கிடந்ததோ, கால் தரையை விட்டு எழும்பின மாதிரி இருந்தது, லெனாவின் வாய் மூடின பிறகும் அது நிற்கவில்லை, நான் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நின்றபோது ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிஜாம் தன் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தடவிக்கொண்டிருந்தான். "மேடம்... பீக் ஆயிருச்சு, சத்தம் அளவு தாண்டிருச்சு. முழுக்க செவப்புல போயிருச்சு, உடைஞ்சிருக்கு, இத வச்சுக்க முடியாது" என்றான், மன்னிப்புக் கேட்கிற குரலில். "நீளமும் ஜாஸ்தி. கொஞ்சம் கம்மியா, மைக்குலருந்து ஒரு அடி தள்ளி நின்னு இன்னொண்ணு குடுத்துருங்க." ஒரு அடி தள்ளி நின்றேன். ஐசக், வா. அளவாக, வாயசைவு பிசகாமல், பதினெட்டு வருஷத்துப் பழக்கம். "ஓகே மேடம். சூப்பர்." கோதண்டம் சார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், துடைக்கவில்லை.

கன்சோல் அறைக்குப் போய் நிஜாமின் பின்னால் நின்றேன், இணைத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஆற்றுச் சத்தம் தனியாக வெளிநாட்டிலிருந்தே வந்துவிடும், நம் குரலை அதன்மேல் வைக்கவேண்டியதுதான். திரையில் பின்வளைவிலிருந்து அது வருகிறது, பெரிய இரைச்சல், லெனா வாயைத் திறந்த நொடியில் இரைச்சல் சட்டென்று தணிகிறது, என் குரல் ஒற்றையாக, சுத்தமாக, ஐசக், வா. அவன் திரும்புகிறான். குழாயைப் போட்டுவிட்டு ஓடி வருகிறான், இரண்டு எட்டு, மூன்று எட்டு, கரையைப் பிடிக்கிறான், அவன் கால் இருந்த இடத்தில் தண்ணீர் மூடுகிறது. நிஜாம் நிறுத்தினான். "எப்படி அவனுக்குக் கேட்டுச்சு?" என்றேன். நிஜாமுக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரிந்து, "ஆத்த நாம கொறச்சிருக்கோம் மேடம். வாய்ஸ் வர்ற எடத்துல எறக்கிட்டு அப்புறம் ஏத்திருவோம். இல்லேன்னா எடுபடாது" என்றான். "இறக்காமப் போடு. நெசத்துல எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. என் குரல் அப்படியே இருக்கட்டும்." அவன் கோதண்டம் சாரைத் திரும்பிப் பார்த்தான். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், மெதுவாக, "போடுப்பா" என்றார். நிஜாம் பொத்தானை மேலே தள்ளினான், ஆறு அறைக்குள் வந்தது, மேசைமேல் தண்ணீர்ப் பாட்டில் நடுங்கியது, நான் கண்ணை மூடிக்கொண்டேன், கரை, துண்டு, மண்வாசம், முழுக்க இரைச்சல், அதற்குள் இண்டு இடுக்கு இல்லை, என் குரல் வருகிற அந்த இடம் வந்தது, போனது. நிஜாம் நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினான். "பாத்தீங்களா, ஒண்ணுமே கேக்கல மேடம்." கோதண்டம் சார் என் பக்கம் குனிந்தார், எங்கள் வீட்டுக் கூடத்தில் அன்றைக்குச் சொன்ன அதே குரலில், "ஒண்ணும் கேக்கலம்மா" என்றார். ஆமாம் சார் என்றேன். அவர் முகம் இளகியது, அவருக்கு அது போதுமாக இருந்தது, சாப்பாடு வந்திருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கேட்டது. இரைச்சலுக்கு அடியில், மெல்லிசாக, ஒரு நூல் அளவுக்கு, ஆனால் கேட்டது, யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு ஆள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கேட்டது.